ராஜேஸ்வரி அக்கா தப்பான கிளிப் கொடுக்கவில்லை

போன வாரம் வேனில் வேலையாட்களை இறக்கிவிட்டுப் பனியன் கம்பெனி வாசலில் நின்றிருந்தேன். சக டிரைவர் ஒருவர் போனில் சொன்னார்: "ஸ்பேர் பார்ட்ஸ் கடை ராஜேஸ்வரி அக்கா தவறிட்டாங்களாமுங்க. அதானுங்க, உங்க வண்டிக்குத் தப்பான கிளிப் குடுத்தாங்களே, அவங்கதான்."

முதலிபாளையம் பக்கம் வேன் ஓட்டும் நம் எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். ரேடியேட்டர் தண்ணீர் போகும் ரப்பர் ஹோஸை இறுக்கிப் பிடிக்கிற பட்டைக் கிளிப் கேட்டால் சட்டென்று எடுத்துத் தர மாட்டார். "ஹோஸைக் கொண்டாந்தீங்களா? வெளிச்சுத்து பார்த்துத்தானுங்க குடுப்பேன்" என்பார். "ரொம்ப இறுக்காதீங்க, பட்டை ரப்பரை அறுத்துப்போடும்" என்றும் சொல்லி அனுப்புவார். எனக்கு எரிச்சலாக வரும். கிளிப் வாங்க வந்தவனுக்கு இத்தனை பாடமா என்று முணுமுணுப்பேன்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் அவசரத்தில் போனேன். "அளந்துட்டேனுங்க, குடுங்க" என்று ஓர் அளவைச் சொன்னேன். அளக்கவே இல்லை. மாட்டிப் பார்த்தால் கிளிப் பெரிது. திரும்பிப் போய் அவர் முன்னால் நிற்க வீம்பு விடவில்லை. கட்டிங் செக்ஷனில் கிடந்த பனியன் துணியை ஹோஸில் சுற்றி, அதன்மேல் கிளிப்பை இறுக்கினேன். நம் ஊரில் எதற்கும் பனியன் துணிதானே.

தாராபுரம் ரோட்டில் ஹோஸ் கழன்று, தண்ணீர் முழுக்கக் கொட்டி, இன்ஜின் போய்விட்டது. வண்டி நிறைய பெண்கள் வெயிலில் நின்றார்கள். மேனேஜர் கேட்டபோது, "கடையில தப்பாக் குடுத்துட்டாங்க சார்" என்று சொல்லிவிட்டேன். அன்றோடு கம்பெனி அந்தக் கடைக்குப் போவதை நிறுத்தியது. பேச்சு பரவி, மற்ற வேன்காரர்களும் நின்றார்கள்.

ஒரு மாதம் கழித்து மனசு கேட்காமல் கடைக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "துணி சுத்தியிருந்துச்சுன்னு உங்க வண்டியப் பார்த்த மெக்கானிக் சொன்னாருங்க தம்பி."

"மேனேஜர்கிட்டச் சொல்லிப்போடறேனுங்க அக்கா."

"சொன்னா உங்க வேலை போயிருமுங்க. உங்க புள்ளைங்க படிக்குது. உடுங்க."

நானும் விட்டுவிட்டேன். வெட்கமில்லாமல் விட்டுவிட்டேன். அவர் இருந்த நாலு வருஷத்தில் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நேரமா இல்லை?

இந்த இரங்கல் கூட்டத்துக்கு மேனேஜர் சாரும் வந்திருக்கிறார். சார், அளக்காதவன் நான், துணியைச் சுற்றியவன் நான், பொய் சொன்னவனும் நான். என் வேலையைக் காப்பாற்ற அக்கா சாகும்வரை கெட்ட பெயரோடு இருந்தார். அந்தப் பெயர் இனி அவருக்கு வேண்டாம், நான் வைத்துக்கொள்கிறேன்.