போர்வையில் கொழுந்து எடுத்த வேலாயி

வேலாயியின் கைகள் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தன. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் கிடந்த கம்பளிப் போர்வையிலிருந்து நூலைக் கிள்ளிக் கிள்ளி எடுத்தாள். கை நிறைந்ததும் தோளுக்குப் பின்னால் எறிந்தாள். பின்னால் கூடை இல்லை, சுவர்தான் இருந்தது.

"ஏ புள்ள, நெரய விட்டு வெளிய நிக்காத. கண்டாக்கு பாத்தா ஏசுவாரு," என்றாள் என்னிடம்.

வேலாயி கொழுந்து மலையை விட்டு இறங்கிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. மலையில் வேலை வாங்க நின்று அவளை ஏசிய கண்டாக்குகளில் ஒருவர்கூட இப்போது இந்தத் தோட்டத்தில் இல்லை.

மருமகள் ஜீவராணி மலை வேலைக்குப் புறப்பட்டு, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "பெற்றீசியாக்கா, பெரட்டுக்கு நேரமாச்சு. இவங்கள இப்பிடி விட்டுட்டு நான் எப்பிடிப் போறது? நேத்து என்னைய அவங்க செத்துப்போன தங்கச்சி பேரச் சொல்லிக் கூப்புட்டாங்க. தேத்தண்ணிக்கு உப்புப் போட்டாங்க."

நான் முதியோர் பராமரிப்புப் பயிற்சி எடுத்து, ஹட்டனில் பல வீடுகளில் படுக்கையில் கிடந்தவர்களைக் கவனித்தவள். அதனால் அக்கரப்பத்தனையில் எங்கள் லயத்து வீட்டு வரிசையில் யாருக்குத் தலை சுற்றினாலும் முதலில் என் கதவைத்தான் தட்டுவார்கள். வேலாயியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. இரண்டு கைகளையும் தூக்கச் சொன்னேன், தூக்கினாள். வாய் கோணவில்லை, பேச்சு குழறவில்லை. பிரஷர் கொஞ்சம் இறங்கியிருந்தது. சீனி சரியாக இருந்தது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். எங்களுக்கு மச்சு ஏது, தகரம்தான். விடியற்காலையில் புல் வெள்ளையாய் உறைந்து கிடக்கும். பத்து மணிக்கு மேல் வெயில் தோலை உரிக்கும். இந்தக் காலத்தில் வயதானவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வதை எல்லாம் வேலாயிக்கும் செய்தோம். காலுக்குக் கம்பளி மேசு. வெடித்த குதிகாலுக்குத் தேங்காய் எண்ணெய். வெயில் ஏறியதும் வெளியே உட்காருவது. பேச ஒரு ஆள். இரண்டு வேளை கொத்தமல்லி அவித்த தண்ணீர்.

முதலில் பலன் தெரிந்தது. லயத்தின் கடைசிக் காம்பராவில் இருக்கும் ராசம்மா வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் நல்ல வெயில் விழும். அங்கே கொண்டுபோய் உட்கார வைத்த நாள்களில் வேலாயி தெளிவாக இருந்தாள். ராசம்மாவின் மருமகனைக் கேலி பண்ணினாள். பழைய கதை சொன்னாள். வெயிலும் பேச்சும் வேலை செய்கின்றன என்று நினைத்தேன். பிறகு முழங்கால் வலி என்று சொன்னதால் அவள் வீட்டு இஸ்தோப்பிலேயே உட்கார வைத்தோம். அதே வெயில், அதே கொத்தமல்லி. ராசம்மாவும் வந்து பேசினாள். ஆனால் வேலாயி மறுபடியும் குழம்பினாள்.

"முனி அடிச்சிருக்கு," என்றாள் ராசம்மா. "கறுப்புக் கயிறு கட்டுங்க."

"கட்டு. காலில் இருக்கும் கம்பளியையும் கழற்றாதே," என்றேன்.

வேலாயியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரிய பிள்ளையானதும் கூடை மாட்டியவள். கணவன் போனபின் ஒரே மகனைத் தனியாக வளர்த்தாள். அவளுக்கு முன்னால் யாரும் தன் தேயிலை நிரையை முடித்ததில்லை. தேத்தண்ணி நேரத்தில் மற்றவர்கள் கீழே இறங்கினாலும் இவள் இறங்க மாட்டாள். ஒரு கண்டாக்கு அவளுக்கு ஒட்டகம் என்று பேர் வைத்தாராம். "ஒட்டகத்துக்குப் பொறந்தவளா நீ? தண்ணியே வேணாமா?" என்று கேட்டதற்கு, "ஒட்டகம் சும்மா நடக்குதுங்கய்யா, நான் கொழுந்து எடுத்துக்கிட்டே நடக்குறேன்," என்றாளாம். இந்தக் கதையை அவளே என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். நானும் சிரித்திருக்கிறேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை மகன் யோகேஸ்வரன் கொழும்பிலிருந்து வந்தான். அங்கே ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. வந்ததும் சொல்லிவிட்டான்.

"திங்கக்கெழம காலைல அம்மாவக் கூட்டிக்கிட்டுப் போறேன். கம்பஹா பக்கம் ஒரு முதியோர் இல்லத்துல எடம் கேட்டு வச்சிருக்கேன்."

"அங்க தமிழ் பேச ஆளு இருக்கா?" என்று கேட்டாள் ஜீவராணி.

"அதுவா இப்ப முக்கியம்? இருட்டுல பெரட்டுக்குப் போறேன்னு எறங்கி நடந்திருக்காங்க. பள்ளத்துல விழுந்தா யாரு பதில் சொல்றது? நீ மலைக்குப் போயிருவ, புள்ளைங்க ஸ்கூலுக்குப் போயிரும்."

அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் ஏற்கெனவே குழம்பியவரை இடம் மாற்றினால் குழப்பம் கூடும். அதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். வேலாயி அங்கே போனால் திரும்பி வரமாட்டாள். அதைச் சொன்னேன்.

"அப்ப ஒடம்புக்கு என்ன வருத்தம்னு நீங்களே சொல்லுங்க, அக்கா," என்றான் யோகேஸ்வரன்.

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

ஞாயிறு காலை கொத்தமல்லித் தண்ணீர் கொண்டுபோனேன். வேலாயி இஸ்தோப்பில் இருந்தாள். வாங்கி, வாயில் வைத்து, "நல்லாருக்கு" என்றாள். உள்ளே போய்ப் போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன். யோகேஸ்வரன் கதவோரம் பல் விளக்கிக்கொண்டு நின்றான். திடீரென்று, "அக்கா, இங்க பாருங்க!" என்று கத்தினான்.

வேலாயி பக்கத்தில் இருந்த டேலியாத் தொட்டியில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு விடாமல் ஊற்றிவிட்டு, கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள்.

லயம் முழுக்கப் பனியில் செடிகள் கருகிக் கிடக்க, அந்த டேலியா மட்டும் ஏன் செழிப்பாக நின்றது என்பது அப்போதுதான் தெரிந்தது.

"தெனம் இப்பிடித்தான் ஊத்துறீங்களா?" என்று கேட்டேன்.

"பின்ன? குடிச்சா போகணுமில்ல?"

"போங்களேன்."

"நீ போயிப் பாரு, அந்தப் படியில. காலைல கண்ணாடி மாதிரி வழுக்குது. விழுந்து இடுப்ப ஒடச்சிக்கிட்டா எவ அள்ளிப் போடுவா? நீயா?" என்று என்னைக் கேட்டவள், சத்தம் கேட்டு வந்து நின்ற மருமகளைக் காட்டினாள். "அவ பாவம், மலைக்குப் போறவ. மலையிலயும் அப்பிடித்தான். எங்க போயி ஒதுங்குறது? ஆம்புளைங்க நிப்பாங்க. குடிக்காம இருந்தா ஒரு தொல்லையுமில்ல."

கழிவறை லயத்தின் கடைசியில், ராசம்மாவின் காம்பராவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வேலாயி வீட்டிலிருந்து படியிறங்கித்தான் போக வேண்டும்; ராசம்மா வீட்டிலிருந்து போக ஒரு படியும் இல்லை. ராசம்மா வீட்டில் உட்கார்ந்த நாள்களில் அவள் கொடுத்ததைக் குடித்திருக்கிறாள்.

மலையில் வேலை செய்த பெண்களுக்கு இது பழக்கம். தாகத்தை அடக்கி அடக்கி, பிறகு தாகமே தெரியாமல் போகும். குளிர் காலத்தில் இன்னும் மோசம். வியர்வை தெரியாததால் உடம்பு காய்வதும் தெரியாது. வயதானவர்களுக்குத் தண்ணீர் குறைந்தால் முதலில் புத்திதான் தடுமாறும். கோப்பை காலியாக இருப்பதைப் பார்த்து நம்பாதீர்கள். பக்கத்தில் இருந்து குடிக்க வையுங்கள். சிறுநீர் கடும் மஞ்சளாக இருந்தால் தாமதிக்காதீர்கள்.

அன்றே த்ரீவீலில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சிறுநீரைச் சோதித்தார்கள். கிருமி இருந்தது. சேலைன் ஏற்றி, மாத்திரை கொடுத்தார்கள். சிங்கள டொக்டர் யோகேஸ்வரனைப் பார்த்து, "வத்துற பொன்ன தென்ன," என்றார். அவன் கூச்சத்தோடு தலையாட்டினான். பெற்ற தாய்க்குத் தண்ணீர் கொடு என்று இன்னொருவர் சொன்னால் யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும்.

"தெளிஞ்சிருவாங்களா, அக்கா?" என்று திரும்பும் வழியில் கேட்டான்.

"இதனால வந்த கொழப்பம்னா தெளியும். கொஞ்ச நாளாகும். வேற ஏதும் இருக்கான்னு அதுக்குப் பெறகுதான் தெரியும்."

மாலையில் வேறு சிக்கல். இரவுக்கு உள்ளேயே ஒரு வாளி வைக்கலாம் என்றேன். வேலாயி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"முன்னுக்குச் சாமிப் படம், பின்னுக்கு அடுப்பு. நடுவுல நான் என்ன நாயா?"

"அம்மா, ராவுக்கு மட்டும்," என்றான் மகன்.

"நீ போயி ஒன் கடையில வையி வாளிய."

ஜீவராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீர் குடிக்க இடம் கொடுக்காமல் தண்ணீர் குடி என்று சொல்வதில் பலன் இல்லை. பின்கதவைத் திறந்து பார்த்தேன். கதவை ஒட்டி விறகுக் கொட்டில். மேலே தகரம், கீழே சிமெந்து, படி கிடையாது. அங்கே சாமியும் இல்லை, அடுப்பும் இல்லை. யோகேஸ்வரனைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொட்டிலின் அகலத்தைக் கையால் அளந்தான்.

அந்த இரவு ஜீவராணியும் நானும் இருபக்கமும் பிடித்து அவளைக் கழிவறைக்குக் கொண்டுபோய் வந்தோம்.

திங்கட்கிழமை காலை கொழும்பு பஸ் கீழ் ரோட்டில் ஹோன் அடித்துக்கொண்டு போனது. யோகேஸ்வரன் விறகை அள்ளி வெளியே அடுக்கிக்கொண்டிருந்தான். பிறகு கத்தியை நெருப்பில் காய்ச்சி, பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் வட்டமாக ஓட்டை போட்டான்.

"இருக்குறதே ஒரே ஒரு நல்ல கதிர!" என்று கத்தினாள் ஜீவராணி. கத்திவிட்டுப் பெரட்டுக்கு ஓடினாள்.

நாற்காலிக்குக் கீழே வாளி. முன்னால் மறைப்புக்கு உரச்சாக்கு. பிடித்துக்கொள்ள, கதவிலிருந்து நாற்காலி வரை ஒரு பைப்.

நான் வேலாயியின் பக்கத்தில் உட்கார்ந்து இளஞ்சூடான தண்ணீரைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு கொட்டிலைப் பார்த்தாள்.

"கண்டாக்கு அங்க என்ன பண்றாரு?"

"அது ஒங்க மகன்."

"தெரியும். கண்டாக்கு மாதிரித்தான் நிக்கிறான். ஆணி அடிக்கத் தெரியல."

அவள் குழம்பிச் சொன்னாளா, கேலி பண்ணினாளா என்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் முழுவதும் உள்ளே போனது. அதைப் பார்த்துக்கொண்டேன். இன்னொரு கோப்பை ஊற்றினேன். அதிலும் பாதி போனது.

சிறிது நேரத்தில் எழுந்தாள். பைப்பைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை. சாக்கை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனாள். யோகேஸ்வரன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு மறுபக்கம் திரும்பி நின்றான்.