குணரத்தினத்தாரின் கியர் ஒயில்

ஓர்ஸ் ஹில் குணரத்தினத்திடம் யாரும் எதையும் கேட்கத் தேவையில்லை, கேட்காமலே சொல்லிவிடுவார். கந்தோரில் கோப்பு அடுக்கியே பென்ஷனுக்கு வந்த மனிதர், வைத்தியருக்கு மருந்து சொல்லுவார், ஐயருக்கு மந்திரம் எடுத்துக் கொடுப்பார். கார் வாங்கிய பிறகு சொல்லவா வேண்டும்! ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்த ஓட்டோ கியர் கார் அது. கராஜ்காரர் எல்லாரும் கள்ளர் என்று முடிவுகட்டி, யூடியூப் பார்த்துத் தானே எல்லாம் செய்தார்.

மகள் நிவேதிகா நிலாவெளிச் சுலக்சனைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது மனிதர் ஆடிப்போனார். பொடியன் எஞ்சினியர், அதில் குறை இல்லை. ஆனால் தகப்பன் தம்பையா ஆட்களை வைத்து மீன்பிடிப்பிக்கும் கரைவலைச் சம்மாட்டி, சொந்தமாக மீன் லொறி வைத்திருப்பவர். மீன் இல்லாமல் ஒரு நேரமும் சோறு இறங்காத குணரத்தினத்துக்கு, அந்த லொறிதான் தொண்டையில் முள்ளாக நின்றது. கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்.

"பொம்பிளை என்ர காரிலதான் வருவா. நான்தான் ஓடுவன். ஆரின்ரையோ வாகனத்தில தொங்கிக்கொண்டு போக எங்களுக்கு என்ன விதி?"

கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரம் கியர் ஒயில் பார்க்கும் வைபவம் நடந்தது. ரவுண் கடைத்தெருவைச் சுற்றி ஓடி எஞ்சினைச் சூடாக்கினார். முற்றத்தில் நிறுத்தி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பிரேக்கை மிதித்தபடி கியரை ஒவ்வொரு இடமாக நகர்த்தி, திரும்பப் பார்க்கிங்கில் விட்டார். ஒயில் மட்டம் காட்டும் அளவுகோலை இழுத்துத் துடைத்தார். மறுபடி செருகி இழுத்தார். சிவப்பு ஒயில் கோட்டுக்குக் கீழே நின்றது.

"பாத்தீரோ! இதைக் கராஜ்காரன் சொல்லுவானோ?"

குசினி யன்னலில் நின்ற மனைவி இரத்தினேஸ்வரி எட்டிப் பார்த்தார். "இஞ்சருங்கோ, எங்கட முத்தம் சரிவெல்லே. ஒயில் ஒருபக்கமா ஓடியிருக்கும். சமதரையில விட்டுப் பாருங்கோவன்."

"நீர் உம்மட குழம்பைப் பாரும்."

நீண்ட புனலைக் குழாயில் செருகி ஊற்றினார். பார்த்தார், கோட்டுக்குக் காணாது. இன்னும் ஊற்றினார். மலைச்சரிவில் வீட்டைக் கட்டிய மனிதர், ஒயில் மட்டும் தனக்கு மரியாதை கொடுத்து நேராக நிற்கும் என்று நம்பினார். கோடு நிறைந்ததும், கும்பாபிஷேகம் முடித்த ஐயரைப் போலப் பூரிப்போடு பொனற்றைச் சாத்தினார்.

மறுநாள் நிலாவெளிக் கோயிலில் முகூர்த்தம். பட்டு வேட்டியும் சால்வையுமாக ஸ்டியரிங்கைப் பிடித்தார். பின்னால் மணப்பெண்ணும் தாயும். சாம்பல்தீவுப் பாலத்தை அண்டியபோது எஞ்சின் இரைந்ததே தவிர, கார் நகரவில்லை. கருகல் மணம் வந்தது. இறங்கிச் சமதரையில் அளவுகோலை இழுத்தார். ஒயில் நுரைத்து, கோட்டைத் தாண்டி எங்கேயோ ஏறி நின்றது. இரத்தினேஸ்வரி அதைப் பார்த்துவிட்டு, மகளின் மாலையைச் சரிசெய்யத் திரும்பினார். நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூடக் குணரத்தினத்துக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"ஒயில் கொம்பனிக்காரன்ர பிழை" என்றார்.

"முகூர்த்தத்துக்கு நேரமாகுது அப்பா" என்று நிவேதிகா விம்மினாள். "நீங்கள்தானே என்ர கையைப் பிடிச்சுக் குடுக்கவேணும்."

அந்த நேரம் பார்த்து, ரவுணில் கலியாணப் பந்திக்கு வாழையிலை ஏற்றிக்கொண்டு திரும்பிய தம்பையாவின் மீன் லொறி பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் மாப்பிள்ளையின் தமையன் தர்சன். தாயையும் மகளையும் முன்னால் ஏற்றினான்.

"மாமா, முன்னுக்கு இனி இடமில்லை. பின்னால கழுவித்தான் கிடக்குது. ஏறுங்கோ."

பின்னால் என்றால் வாழையிலைக் கட்டுக்கும் மீன் பெட்டிகளுக்கும் நடுவே. பெண்ணின் தகப்பன்! நிலாவெளிச் சனம் பார்த்துச் சிரிக்காதா?

"நீங்கள் போங்கோ. நுரை அடங்கினாச் சரி. நான் காரில பின்னால வாறன்."

"அப்பா!"

"வாறன் எண்டு சொன்னனான்தானே."

நுரை அடங்கக் காத்திருந்தார். கார் கொஞ்சத் தூரம் ஊர்ந்து, திரும்பவும் படுத்துக்கொண்டது. கடைசியில் ஒரு முச்சக்கரவண்டியை மறித்து ஏறி அவர் கோயிலடிக்குப் போய்ச் சேர்ந்தபோது, மேளம் ஓய்ந்திருந்தது.

வாசலில் சந்தனத் தட்டோடு நின்ற பெண்பிள்ளைக்கு அவரைத் தெரியவில்லை. "வாங்கோ ஐயா. பொம்பிளை பகுதியோ, மாப்பிளை பகுதியோ?"

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்த மனிதர், சந்தனத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து வந்த இரத்தினேஸ்வரி, பட்டு வேட்டியில் பரவியிருந்த சிவப்பு ஒயில் கறையைப் பார்த்தார்.

"நேரம் போகுதெண்டு என்ர அண்ணர் பிள்ளையைத் தாரைவாத்துக் குடுத்திட்டார்" என்றார். "பந்தி நடக்குது. போய் இருங்கோ."

போய் இருந்தார். அவருக்கு முன்னால் விரித்த வாழையிலை, மீன் லொறியில் நேரத்துக்கு வந்து சேர்ந்திருந்தது.