சந்தானத்தின் சர்க்கரையும் பிரதர் ரெமிஜியஸும்

பெங்களூர் மல்லேஸ்வரத்துத் தெருக்களில் ரெமிஜியஸின் மொபெட் சத்தம் கேட்டால் சர்க்கரை நோயாளிகள் அவசரமாக வாயைத் துடைத்துக்கொள்வார்கள். சின்ன நர்ஸிங் ஹோம் ஒன்றில் அவர் ஆண் நர்ஸ். பகல் டியூட்டி முடிந்ததும் அங்குள்ள டாக்டரம்மா சொல்லும் வீடுகளுக்குப் போய்ச் சர்க்கரை பார்ப்பார், இன்சுலின் போட்டுக்கொள்ளச் சொல்லித்தருவார், காலில் புண் இருக்கிறதா என்று விரல் இடுக்கு வரை தேடுவார். ஆள் பார்ப்பதற்குப் போலீஸ்காரர் மாதிரி வாட்டசாட்டம். கை மட்டும் பூ. அவர் போட்ட ஊசி வலித்தது என்று சொன்னவர் யாரும் இல்லை.

கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி தாஸின் மூத்த பிள்ளை அவர். நர்ஸிங் படிக்கப் போகிறேன் என்றபோது சுரங்கக் குடியிருப்பு லைன் வீட்டுப் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊசியோடு இவர் வந்தால் நோயாளிகள் கையை இழுத்துக்கொண்டு "சிஸ்டர் வரட்டும்" என்பார்கள். இவர் முகம் கோணாமல் நின்று ஊர்க்கதை பேசுவார். பேச்சு முடிவதற்குள் ஊசியும் முடிந்திருக்கும். இரண்டு மூன்று வருஷத்தில் கதை தலைகீழாகி, சிஸ்டர்கள் போனால் "பிரதர் வரட்டும்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். பொம்மனஹள்ளியில் கார்மெண்ட்ஸ் வேலை பார்க்கும் அவர் மனைவி மோனிகா, புருஷனை மல்லேஸ்வரத்துக்கே தத்துக் கொடுத்துவிட்டதாக அலுத்துக்கொள்வாள். அந்த அலுப்பில் பாதி பெருமைதான்.

எல்லாம் தங்கமான குணம். ஒன்று மட்டும் உதைக்கும். இனிப்பு விஷயத்தில் எந்த நோயாளி சத்தியம் செய்தாலும் ரெமிஜியஸ் நம்ப மாட்டார். தலையணை உறைக்குள் பூந்தி கண்டவர், பூஜை அறையில் பிள்ளையாருக்குப் பின்னால் பர்பி கண்டவர், எப்படி நம்புவார்? சட்டைப் பையில் ஊரும் எறும்பை வைத்தே குற்றப்பத்திரிகை எழுதிவிடுவார். அந்தத் திறமையில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்தத் தலைக்கனத்துக்குச் சரியான தீனி சந்தானம். தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். எட்டாவது கிராஸ் தெருப் பக்கம் சொந்த வீடு. சர்க்கரை வந்து பத்து வருஷமாகியும் திருட்டுத் தீனியை விடாதவர். மடக்கிய குடைக்குள் ஜிலேபி கொண்டுவந்து, மழை பிடித்ததும் மறந்துபோய்க் குடையை விரித்து, சம்பிகை ரோடு நடுவில் பாகு வழிய நின்ற மனுஷன். வீட்டுக்கு வந்து, "நான் எதையும் தொடலை" என்று மனைவி ரத்தினம்மாளிடம் அப்போதும் சாதித்தார். தலைமுடியில் ஜிலேபி ஒட்டிக்கொண்டிருந்தது.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் கோடைக்கு முன்னால் அவருக்கு ஆஸ்துமா முற்றி மூச்சு இரைத்தது. டாக்டரம்மா ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். மூச்சு அடங்கியது, சர்க்கரை எகிறியது. அந்த மாத்திரையின் குணம் அப்படி. காலையில் விழுங்கினால் மத்தியானத்துக்கு மேல் சர்க்கரை ஏற ஆரம்பிக்கும். ஆகவே கொஞ்ச காலத்துக்கு இன்சுலின் ஊசி என்று ஆனது.

ஊசி போடப் பழக்க ரெமிஜியஸ் வந்தார். மற்ற வீடுகளில் ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகச் சொல்வார். இங்கே ஆரஞ்சைக் கொடுத்தால் பாடம் முடிவதற்குள் பழம் வயிற்றுக்குப் போய்விடும் என்று தெரிந்து, சீமைக் கத்தரிக்காயில் பழக்கினார். சந்தானம் கெட்டிக்கார மாணவர். மிஷின் பார்த்த கை, நடுக்கமே இல்லை. இரண்டு வாரத்தில் சர்க்கரை அழகாக இறங்கிற்று. ஜூன் மாதம் மகள் வனஜாவுக்குக் கல்யாணம் வைத்திருந்ததால் வீடே குளிர்ந்தது. இனி இவருக்கு நான் வேண்டாம், வாரம் ஒரு தடவை வந்து சர்க்கரை மட்டும் பார்த்தால் போதும் என்று ரெமிஜியஸ் முடிவுகட்டினார்.

அதற்கப்புறம்தான் சனி பிடித்தது. காரணமே தெரியாமல் சர்க்கரை மறுபடி ஏறிற்று. டாக்டரம்மா இருபது யூனிட்டை முப்பதாக்கினார். அப்போதும் இறங்கவில்லை. வீட்டிலோ சமையல்காரர் வந்து சீர் பட்சணம் செய்துகொண்டிருக்கிறார். தகர டின்களில் லட்டும் மைசூர்பாகும் அடுக்கி வைத்திருக்கிறது. பிறகென்ன, எல்லாருடைய கண்ணும் சந்தானம் மேல்தான். ரத்தினம்மாள் ஸ்டோர் ரூமைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். ரெமிஜியஸ் வந்து சட்டைப் பையை உதறிப் பார்த்தார், குடையை விரித்துப் பார்த்தார், ஒன்றும் சிக்கவில்லை. சிக்காததையே பெரிய சாமர்த்தியம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் கடுமையாகத் திட்டினார்.

டாக்டரம்மா கடைசியாக ஒரே வார்த்தை சொல்லிவிட்டார். இப்படியே போனால் கல்யாண வாரத்தில் வார்டில்தான் படுக்க வேண்டும். தாரை வார்த்துக் கொடுக்கத் தம்பியைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று. சந்தானத்துக்கு முகம் செத்துவிட்டது. வனஜா அவருக்கு நாற்பது வயதுக்கு மேல் பிறந்த பெண். அவள் கையைப் பிடித்துக் கொடுக்கும் பாக்கியத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுக்க அவருக்கு எப்படி மனசு வரும்?

ரத்தினம்மாள் வேறு ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆரம்பத்தில் சர்க்கரையை ஏற்றியது அந்த ஸ்டீராய்டு மாத்திரைதானே, அதை நிறுத்திவிட்டால் என்ன? அன்று சாயங்காலம் ரெமிஜியஸ் வந்தபோது மாத்திரை டப்பா குப்பைக்கூடைக்குப் போகத் தயாராக இருந்தது. ரெமிஜியஸ் பதறிப்போய்ப் பிடுங்கிக்கொண்டார். உடம்புக்குள்ளேயே இந்தச் சரக்கைத் தயாரிக்கிற ஃபாக்டரி ஒன்று இருக்கிறது, வெளியிலிருந்து சரக்கு வந்து இறங்கியதால் அது ஆட்களை லீவில் அனுப்பிவிட்டது, நாம் திடுதிப்பென்று நிறுத்தினால் உள்ளேயும் சரக்கு இல்லை, வெளியேயும் இல்லை, ஆள் மயங்கி விழுவார் என்று விளக்கினார். டாக்டரம்மா சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால்தான் உள்ளே ஷிஃப்ட் மறுபடி தொடங்கும். ஃபாக்டரி என்றதும் சந்தானத்துக்கு விஷயம் கற்பூரமாகப் பிடித்தது. ஆனால் எப்போதும்போல் சிரிக்கவில்லை.

ரத்தினம்மாள் காபி கொண்டுவர உள்ளே போனதும் அவர் ரெமிஜியஸின் கையைப் பிடித்தார்.

"பிரதர், நான் ஆயுசு பூரா பொய் சொன்னவன்தான். ஒத்துக்கறேன். ஆனா இந்த ஒரு மாசமா ஒரு துண்டு கூடத் தொடலை. பொண்ணு மேல ஆணை."

ரெமிஜியஸ் அவரைப் பார்த்தார். குடையோடு நின்ற அந்தப் பழைய களை முகத்தில் இல்லை. மகள் கல்யாணத்தைப் பார்க்க முடியாமல் போய்விடுமோ என்கிற பயம் மட்டும்தான் இருந்தது. பல வருஷ நர்ஸ் வேலையில் முதல் தடவையாக ரெமிஜியஸுக்கு, இந்த ஆள் நிஜம்தான் சொல்கிறார் என்று பட்டது. இவர் தின்னவில்லை என்றால் தப்பு வேறு எங்கேயோ இருக்கிறது. அதைத் தேடாமல் இத்தனை நாள் குடையைத் தேடிக்கொண்டிருந்தோமே.

"சரி சார், நம்பறேன்," என்றார். "எனக்கு ஒண்ணும் சொல்லாதீங்க. தெனம் இன்னா பண்றீங்களோ, அத அப்படியே பண்ணிக் காட்டுங்க."

சந்தானம் கையைக் கழுவினார். ஃபிரிட்ஜிலிருந்து புட்டியை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். எல்லாம் சொல்லிக்கொடுத்தபடியே. பிறகு அலமாரியிலிருந்து புத்தம் புதுப் பெட்டி ஒன்றை எடுத்து, அதிலிருந்து ஆரஞ்சு மூடி போட்ட சிரிஞ்ச் ஒன்றைப் பெருமையோடு உருவினார். அமெரிக்காவில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிற மகன் இளங்கோவன், அப்பாவுக்கு வலிக்கக் கூடாதென்று போன மாசம் நண்பன் மூலம் கொடுத்தனுப்பியதாம். முடி மாதிரி ஊசி, குத்துவதே தெரியாது என்றார்.

ரெமிஜியஸ் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். இந்த மூடி நம் ஊர்க் கடைகளில் கிடைக்கிற சிவப்பு மூடி இல்லை. அதில் கோடுகளும் நெருக்கமாக இருந்தன. அவருக்கு ஏதோ பொறி தட்டியது, ஆனால் கணக்கு முழுசாகப் பிடிபடவில்லை. ஹாலிலிருந்த போனில் டாக்டரம்மாவைக் கூப்பிட்டு மூடியின் நிறத்தையும் மேலே எழுதியிருந்ததையும் சொன்னார். டாக்டரம்மா, ஐயோ இதை நான் கேட்கவே இல்லையே என்று தலையில் அடித்துக்கொண்டு, விஷயத்தைச் சொன்னார்.

ரெமிஜியஸ் போனை வைத்துவிட்டு ரத்தினம்மாளுக்கு அவள் பாஷையில் எடுத்துச் சொன்னார். நம் ஊர் இன்சுலின் நீர்மோர், அமெரிக்க இன்சுலின் கெட்டித் தயிர். கெட்டித் தயிர் அளக்கச் செய்த சின்னக் கரண்டியால் இவர் நம் நீர்மோரை அளந்துகொண்டிருந்திருக்கிறார். முப்பது என்று நினைத்து ஏற்றியதெல்லாம் உள்ளே பன்னிரண்டாகத்தான் போயிருக்கிறது. பிள்ளையின் பாசம் கடல் தாண்டி வந்து அப்பாவின் சர்க்கரையை ஏற்றிவிட்டது.

"அப்ப இவரு...?" என்றாள் ரத்தினம்மாள்.

"சார் எதையும் தொடலைம்மா."

சந்தானம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தேர்தலில் ஜெயித்தவருக்குக்கூட அப்படி ஒரு தோரணை வந்திருக்காது. ரத்தினம்மாள் உள்ளே போனாள். வழக்கமாக ரெமிஜியஸுக்கு வருகிற முதல் டம்ளர் காபி அன்று சந்தானத்துக்கு வந்தது, சர்க்கரை இல்லாமல்தான்.

கரண்டியை மாற்றியதோடு வேலை முடியவில்லை. சரியான சிரிஞ்சில் முப்பது போட்டால் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கி ஆபத்தாகிவிடும் என்று டாக்டரம்மா பழைய இருபதுக்கே போகச் சொன்னார். ஸ்டீராய்டு குறையக் குறைய இன்சுலினும் குறையும். ரெமிஜியஸ் தினமும் வந்து பார்த்தார். ரத்தினம்மாளை உட்காரவைத்துப் புதுப் பாடம் ஒன்றும் நடத்தினார். ஊசி போட்டுக்கொண்டால் உடனே சாப்பிட வேண்டும். வேர்த்து, கை நடுங்கி, கண் மங்கினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போது யோசிக்காமல் இனிப்பாகக் குடிக்கக் கொடுக்க வேண்டும். இத்தனை நாள் சாவியைக் காத்தவளுக்கு இது வேடிக்கையாக இருந்தது. இனிப்புக்காக இவர் நடிக்க மாட்டார் என்று என்ன நிச்சயம் என்று கேட்டாள். ரெமிஜியஸ் சிரித்துக்கொண்டே பாடத்தை இன்னொரு தடவை சொன்னார். சர்க்கரை இறங்கியது, டாக்டரம்மா கல்யாணத்துக்குப் பச்சைக்கொடி காட்டினார்.

கல்யாணத்தன்று ரெமிஜியஸ் மோனிகாவோடு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். காலையில் மண்டபத்து வாசலிலேயே சந்தானத்தை மடக்கி, ஊசி ஆயிற்றா, டிபன் ஆயிற்றா என்று விசாரித்திருந்தார். ஊசியும் ஆயிற்று, நாலு இட்லியும் ஆயிற்று என்று பட்டு வேட்டியில் மினுமினுத்தார் சந்தானம். மாப்பிள்ளை வீட்டு வேன் ஓசூர் ரோடு நெரிசலில் மாட்டியதில் எல்லாமே தள்ளிப்போயிற்று. ஒருவழியாகத் தாரை வார்க்க உட்கார்ந்தார்கள்.

சந்தானத்தின் கை நடுங்க ஆரம்பித்தது. நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. பெற்ற மனசு இல்லையா என்று முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரெமிஜியஸ் எழுந்துவிட்டார். ஆனால் மேடைக்கும் அவருக்கும் நடுவில் பட்டுப்புடவைக் கூட்டம்.

சந்தானம் மனைவி பக்கம் சாய்ந்தார். மேடை மைக் அந்தக் குரலை மண்டபம் முழுக்கக் கொண்டுபோயிற்று.

"ரத்தினம், காலைல டிபன் சாப்பிடலை. பொண்ணைக் கொடுக்கறப்ப விரதமா இருக்கணும்னு... ஊசி மட்டும் போட்டுக்கிட்டேன்."

இந்த வாயிலிருந்து வந்த இதே மாதிரி 'சாப்பிடலை' பேச்சை ரத்தினம்மாள் எத்தனை வருஷம் கேட்டிருப்பாள். இப்போது அவள் கண் கூடச் சிமிட்டவில்லை. தாரை வார்க்கக் கையில் வைத்திருந்த தண்ணீர்க் கெண்டியைக் கீழே வைத்தாள். பக்கத்துத் தட்டில் மாப்பிள்ளைக்கென்று வைத்திருந்த பானகத்தை எடுத்துப் புருஷன் வாயில் வைத்தாள். சம்பந்தியம்மாள் அது மாப்பிள்ளைக்கு ஆயிற்றே என்று கையை நீட்டினாள்.

"மாப்பிள்ளைக்கு வேற கரைச்சுத் தரேன். இவரு சாப்பிடலைன்னு சொல்றாரு."

சந்தானம் மடமடவென்று குடித்தார். ரெமிஜியஸ் ஆட்களை விலக்கிக்கொண்டு மேடை ஏறியபோது அவர் செய்வதற்கு ஒன்றுமே மீதி இல்லை. நடுக்கம் மெல்ல அடங்கி முகத்தில் ரத்தம் திரும்பிக்கொண்டிருந்தது. ரெமிஜியஸ் ஒரு வாழைப்பழத்தை உரித்து அவர் கையில் கொடுத்து, புரோகிதரிடம் அஞ்சு நிமிஷம் கேட்டு வாங்கினார். அவ்வளவு பெரிய ஆளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. சந்தோஷமாக இருந்தது அவருக்கு, வேறென்ன.

பிறகு சந்தானம் மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்துத் தாரை வார்த்தார், ரத்தினம்மாள் தண்ணீர் ஊற்றினாள். மேளம் கொட்டி முடிந்ததும் ரெமிஜியஸ் நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய், சந்தானத்துக்கும் ரத்தினம்மாளுக்கும் சேர்த்து முதல் பந்தியில் இரண்டு இலை போடச் சொன்னார்.