வெயில் மாதத்தில் நான் நிறுத்திய மாத்திரை

எங்கள் மலேசியாவில் கோடைக்காலம் என்று தனியாக ஒன்று இல்லை என்பார்கள். வருஷம் முழுக்க ஒரே சூடுதானே என்பார்கள். தைப்பூசம் முடிந்த பிறகு மலாக்காவை அடுத்த அலோர் காஜா பக்கம் ஒரு தாழ்ந்த கூரை வீட்டில் இரண்டு மாதம் இருந்து பார்த்தால் தெரியும். மத்தியானம் குழாயைத் திறந்தால் கை சுடும். காத்தாடி சுற்றச் சுற்ற அனல்தான் முகத்தில் அடிக்கும். பொழுது சாய்ந்த பிறகும் சுவரில் கை வைக்க முடியாது.

அந்த மாதங்களில் என் வீட்டுக்காரருக்கு மனசு சரியில்லாமல் போய்விடும். அவருக்கு மனநோய் உண்டு. ரப்பர் பால்மரத் தோட்டத்தை விட்டு இந்தத் தாமான் குடியிருப்புக்குக் குடிவந்த இரண்டாம் வருஷம் ஆரம்பித்தது. அரசாங்கக் கிளினிக்கில் மாத்திரை கொடுக்கிறார்கள், காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. நான்தான் எடுத்துக் கொடுப்பேன். மற்ற மாதங்களில் அவரைப் பார்த்து யாரும் நோயாளி என்று சொல்ல முடியாது. பேப்பர் படிப்பார், மீன் லோரிக்காரரிடம் வம்புக்கு நிற்பார். வெயில் ஏறினால் முதலில் தூக்கம் போகும். அப்புறம் சாப்பாடு. அப்புறம் எதற்கெடுத்தாலும் எரிச்சல். காத்தாடிச் சத்தம்கூடத் தன்னைத் திட்டுவது போல அவருக்கு இருக்கும்.

சென்ற வருஷம் மழையே இல்லை. அவர் அறைக்குள்ளேயே கிடந்தார். துணி காயப் போடும்போது பக்கத்து வீட்டம்மாவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பொதுவாக நான் யாரிடமும் எதுவும் சொல்கிறவள் இல்லை.

"அக்கா, நான் சொன்னா தப்பா நெனைக்காதீங்க. அந்த மாத்திரையெல்லாம் ரொம்ப சூடுக்கா. இந்த வெயில்ல அதையும் முழுங்குனா மண்டைக்கு ஏறாம என்ன செய்யும்? கொஞ்ச நாளு நிறுத்திப் பாருங்கலா. பார்லி காய்ச்சிக் குடுங்க, நல்லெண்ண தேச்சி ஊத்துங்க."

எனக்கு அது சரியென்றே பட்டது. தோட்டத்தில் நாங்கள் அப்படித்தான் வளர்ந்தோம். டுரியான் பழம் சூடு, இளநீர் குளிர்ச்சி, காய்ச்சல் மாத்திரை சூடு. எதைத் தின்றாலும் அதில் சூடா குளிர்ச்சியா என்றுதான் பார்ப்போம். கிளினிக்கில் கேட்டிருக்கலாம். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறவர்களிடம் பேச எனக்கு நாக்கு எழாது. மகள் கூட வந்தால் அவள் பேசுவாள், நான் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அன்று ராத்திரி அவர் வழக்கம்போலக் கையை நீட்டினார்.

"டாக்டர் கொஞ்ச நாளைக்கி வேணாம்னு சொல்லிட்டாங்க" என்றேன்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன பெரிய பொய் அதுதான். அவர் நம்பினார்.

முதல் மூன்று நாள் அவர் நன்றாக இருந்தார். மாத்திரை மயக்கம் இல்லை, கண்ணில் தெளிவு வந்தது. "என்னா புள்ள, இன்னிக்கி கொழம்பு மணக்குது" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன், வேளைக்கு வேளை பார்லி கொடுத்தேன். பக்கத்து வீட்டம்மாவுக்கு ஒரு தட்டு வடைகூட அனுப்பினேன்.

அதன்பிறகு தூக்கம் ஒரேயடியாகப் போய்விட்டது. வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தார். அவரோடு நானும் விழித்துக் கிடந்தேன். சோறு வடிக்கும்போது காரணமில்லாமல் எனக்குக் கண்ணீர் வரும், வியர்வையோடு சேர்த்துத் துடைத்துக்கொள்வேன்.

பத்தாம் நாள் மத்தியானம் வெளியே பக்கத்து வீட்டம்மாவின் குரல் கேட்டது.

"அண்ணே! அண்ணே, என்னா செய்றீங்க? தண்ணி விரயமாவுதுலா!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். உச்சி வெயிலில், சட்டை இல்லாமல், வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து தார் ரோட்டில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றிய இடம் உடனே காய்ந்துகொண்டிருந்தது.

"தோட்டத்து வேலைக்காட்டுலேர்ந்து எல்லாரும் செருப்பில்லாம வர்றாங்க. கால் வெந்துரும். நீயும் ஒரு வாளி தூக்கு, நிக்காத!" என்றார் என்னிடம்.

ஒரு ஆளும் அந்த ரோட்டில் இல்லை. அடுத்த வாளியைத் தூக்கும்போது அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டார். உதடு வெடித்திருந்தது, உடம்பு கொதித்தது, ஆனால் தோலில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. பக்கத்து வீட்டம்மாவும் நானும் நிழலுக்கு இழுத்து வந்து ஈரத் துணியைப் போட்டோம். போன் போட்டதும் மகள் வேலையிலிருந்து பறந்து வந்து காரில் ஏற்றினாள்.

கிளினிக்கில் உடம்பைக் குளிர வைத்தார்கள், கையில் ஊசி குத்தித் தண்ணீர் ஏற்றினார்கள். உடம்புச் சூடு இறங்கிய பிறகு டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். மலாய்க்காரப் பெண், சின்ன வயசு. பக்கத்தில் இருந்த தாதி, நம் தமிழ் நர்ஸ், தமிழில் எடுத்துச் சொன்னார்.

"மருந்து ஒழுங்கா சாப்புடுறாரா?"

"ஒரு வேளகூட விட மாட்டாங்க. அம்மா கையால குடுப்பாங்க" என்றாள் மகள், பெருமையாக.

டாக்டர் தலையாட்டினார். அப்படியென்றால் இந்த மருந்து இனி வேலை செய்யவில்லை, அளவைக் கூட்ட வேண்டும், மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் கொஞ்ச நாள் வார்டில் வைத்துப் பார்க்கலாம் என்றார். எழுதவும் ஆரம்பித்தார்.

ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் உள்ளே போகாத மருந்து சரியில்லை என்று சொல்லி இன்னும் அதிகமாகக் கொடுக்கப் போகிறார்கள். என் வீட்டுக்காரர் எதிரே படுக்கையில் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தார்.

"நான் குடுக்கல" என்றேன்.

"என்னம்மா?" என்றார் தாதி.

"பத்து நாளா மாத்திரை குடுக்கல. சூடுன்னு நிறுத்திட்டேன். அவருக்குத் தெரியாது. நீங்கதான் நிறுத்தச் சொன்னீங்கன்னு சொல்லிட்டேன்."

மகள் "அம்மா!" என்றாள்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். வெயில் தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கம் கெட்டால் இந்த நோய் ஏறும், அதனால் இந்த மாதங்களில்தான் மருந்து கண்டிப்பாக வேண்டும் என்றார். சில மாத்திரைகளால் உடம்பு வெயிலைத் தாங்காமல் போவதும் உண்டு, நீங்கள் பயந்ததிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் அதை எங்களிடம் வந்து கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றார். நிறையத் தண்ணீர், மத்தியானம் வெளியே போகாமல் இருப்பது, அடிக்கடி குளிப்பது. பார்லியும் கொடுக்கலாமாம். எழுதின தாளைக் கிழித்துவிட்டு, பழைய அளவிலேயே தொடங்கச் சொன்னார். இரண்டு நாள் கழித்து இங்கேயே வந்து காட்ட வேண்டும்.

பிறகு என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"நீங்க தூங்குறீங்களா, உங்களுக்கு எப்படி இருக்குன்னு கேக்குறாங்கம்மா" என்றார் தாதி.

இதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. நான் தரையைப் பார்த்தேன். ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அவளும் தூங்குறதில்ல" என்றார் அவர் படுக்கையிலிருந்து. குரல் உடைந்திருந்தது. என் மேல் கோபமும் இருந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பேசினார். "அடுப்படியில நின்னு அழுவுறா. நான் பாத்துருக்கேன். கேட்டா வெங்காயம்பா. அதையும் எழுதிக்கச் சொல்லு, தாதி."

தாதி மலாயில் சொன்னார். டாக்டர் எனக்கென்று ஒரு புது நோயாளி அட்டையை எடுத்தார்.