சுளகில் புடைத்த ரவைகள்

பாளையம்பட்டியில் ஒரு பருப்பு மில்லின் பின்கொட்டகையில்தான் ஏர் ரைஃபிள் கிளப் நடக்கிறது. முன்பக்கம் பயறு பிரிக்கும் செல்லக்கிளி, மூன்று வருடங்களாகப் பின்பக்கம் சுடவும் செய்கிறாள். பரளச்சியிலிருந்து பஸ்ஸில் வருபவள். மாநிலப் போட்டிக்குப் போக நானூற்றுக்கு முந்நூற்று எழுபது வேண்டும். போன இரண்டு தடவையும் இரண்டு புள்ளியில் தவறிப்போனது. மூன்றாவது தடவை நாளைக்கு.

அதற்கென்று வாங்கிய ரவை டப்பாவைத் திறந்தாள். இடுப்பு சிறுத்த சின்னச் சின்ன ஈய ரவைகள், ஐந்நூறு. மேலே ஈயத்தூள் படிந்திருந்தது. கை பழக்கத்தில் பயறு புடைக்கும் சுளகை இழுத்தது. கொட்டினாள், புடைத்தாள்.

உள்ளே வந்த ராஜகுரு சிரித்தார். டவுனில் கடை வைத்திருப்பவர், கிளப்பில் மூத்தவர்.

"என்னத்தா, உளுந்தா புடைக்கிற? கல்லு எத்தன கெடைச்சுச்சு?"

"தூசியா இருக்குண்ணே."

ஒன்றை எடுத்துப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. "அடி பாவி மகளே! பின்விளிம்பு நசுங்கிப் போச்சே. இது ஈயம்த்தா. நாளைக்கு இதச் சுட்டா குறி அட்ட ஒரு பக்கம், ரவ ஒரு பக்கம் போகும்."

"ஒங்க டப்பாவுல கொஞ்சம்..."

"என்னுது ஒன் துப்பாக்கிக்குச் சேராது. புதுசு வரப் பத்து நாளு ஆகும்." அவர் போய்விட்டார்.

அழுவதற்கு நேரமிருந்தது. அவள் அழவில்லை; அதைத் துணிச்சல் என்பதைவிட வேலைப் பழக்கம் என்பதே சரி. சாய்த்த சுளகில் முழுப்பயறு உருண்டு இறங்கும், உடைந்தது அங்கேயே கிடக்கும். மில் ஜன்னலிலிருந்து கழற்றி வைத்திருந்த கண்ணாடி ஒன்றைத் துடைத்து, மேசைமேல் லேசாகச் சாய்த்தாள். ஒவ்வொரு ரவையாக ஒரே இடத்திலிருந்து உருட்டினாள். நல்லது, ஒரு முனை பெருத்திருப்பதால், வில்லாக வளைந்து இடது மூலைக்கு வந்தது. நசுங்கியது இரண்டு புரள் புரண்டு தடம் மாறியது.

பொழுது சாயும்போது மூலையில் சேர்ந்தவை எழுபத்தொன்று. போட்டிக்கு நாற்பது, குறி பார்த்துக்கொள்ள இருபது. போதும்.

மறுநாள் விருதுநகரில் முப்பத்தொன்பது ரவை சுட்டபோது முந்நூற்று அறுபத்தாறு புள்ளி. கடைசியில் நான்கு எடுத்தாலே போதும் என்பது அவளுக்குத் தெரியாது. எண்ணிக்கையைப் பார்க்கவே இல்லை. பத்து விழுந்தது. முந்நூற்று எழுபத்தாறு. ராஜகுருவுக்கு முந்நூற்று எழுபத்திரண்டு.

"ரவதான்த்தா சுட்டுருக்கு," என்றார் அவர், கண்ணாடிக் கதையைக் கேட்டுவிட்டு.

"பிரிச்சது ஆருண்ணே?"



திங்கட்கிழமை அவர் முத்திரை பிரிக்காத டப்பாவோடு மில்லுக்கே வந்தார்.

"இந்தா, இதயும் பிரிச்சுக் குடு."

"சுளக எடுத்துட்டு வரவாண்ணே?"

"தொட்ட, கைய ஒடிச்சிருவேன்!"

மில்லே சிரித்தது. செல்லக்கிளி மாநிலப் போட்டிக்கான கடிதத்தைக் கண்ணாடிக்கு அடியில் விரித்து வைத்தாள். முதல் ரவை அவள் பெயரின் மேல் வளைந்து போய், மூலையில் நின்றது.