மடியில் ஸ்டியரிங்

தொண்ணூறுகளின் நடுவில், ஸ்ரீவைகுண்டத்திலிருந்து திருநெல்வேலி போகும் காலை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் மடியில் மர ஸ்டியரிங் ஒன்று இருந்தது. வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, நகக்கண்ணில் மட்டும் கிரீஸ். பஸ் வளைந்த இடத்திலெல்லாம் அவரும் ஸ்டியரிங்கைத் திருப்பினார்.

"எந்த வண்டிக்கு அண்ணாச்சி?"

"இத்தாலிக்காரன் செஞ்ச பந்தயக் காரு, வே. ரெண்டே சீட்டு. துருப்பிடிச்சுக் கெடந்தத வாங்கி ஏழு வருசமா சரி பண்ணுதேன். இதுக்குப் பாலிஷ் போடணும். வீட்டுக்காரிக்குச் சீதனமா வந்த வாழைத்தோட்டத்த வித்து இஞ்சினுக்குள்ள போட்டாச்சு."

"அவங்க ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னா. வண்டி ஓடுனதும் மொதல்ல என்னை அந்தத் தோட்டத்துக்குத்தான் கூட்டிட்டுப் போகணும்னா. அந்தா வருது பாரும்."

சன்னலுக்கு வெளியே குலை தள்ளிய வாழைகள். அவருடைய வலது கால் பஸ்ஸின் தரையை அழுத்தியது. பஸ் நிற்காமல் போனது.

"நிறுத்திப் பழகுதேன்," என்று சிரித்தார்.

அந்தக் கார் ரோட்டுக்கு வந்ததா, அந்த அம்மாள் அதில் ஏறினாரா, தெரியாது. அந்தத் தோட்டத்தைக் கடக்கும்போதெல்லாம் என் வலது காலும் தரையை அழுத்துகிறது.