ஹாம்பர்க்கில் யாரும் குந்தவில்லை

இந்த லண்டனுக்கு வந்த மூன்றாம் நாள் காலையில், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி தன் தோட்டத்து மரக்கிளையில் ஒரு மூடித் தேங்காயைக் கயிறு கட்டித் தொங்கவிட்டாள். மாடி சன்னலில் நின்று பார்த்த எனக்கு உயிரே போய்விட்டது. உடைத்த தேங்காய், கயிறு, மரம். வேறு என்னவாக இருக்கும்? நம் வீட்டைப் பார்த்துத்தான் எதையோ செய்து வைக்கிறாள் என்று ஓடிப்போய் மருமகளை எழுப்பினேன். ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடித்து அப்போதுதான் படுத்திருந்தாள், பாவம். "அத்தே, அது குருவிக்கு. குளிர்ல அதுங்களுக்குத் தின்ன ஒண்ணும் கிடைக்காதுன்னு வெக்கறாங்க" என்று கண்ணைத் திறக்காமலேயே சொன்னாள். நான் நம்பவில்லை. ஒரு மணி நேரம் சன்னலை விட்டு நகராமல் நின்றேன். நீலத் தலையும் மஞ்சள் வயிறுமாக ஒரு துளிக் குருவி வந்து, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கொத்தித் தின்றது. அரை மூடியை மூன்று நாள் குழம்புக்கு வைத்துக்கொண்டவள் நான். இங்கே குருவிக்கு ஒரு முழு மூடி! வாயைப் பிளந்தேன். அதிலிருந்து இன்றுவரை மூடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் ரோஸ்லின் எழுதுகிறாள். நான் 'இன்னா' என்று சொன்னால் அவள் 'என்ன' என்று எழுதுகிறாள். பத்திரிகைக்கு அப்படித்தானாம். சரி, ஆனால் பேசினவர்கள் பேசினதை மட்டும் திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு ஊர் காஞ்சிபுரத்துக்கு மேற்கே தாமல். ஏரிக்குக் கீழே எங்கள் சேரி. நாற்று நட்டும் களை பறித்தும் வளர்த்த ஒரே பிள்ளை மாணிக்கம். மிஷன் ஹாஸ்டலில் தங்கிப் படித்து, மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பல் சமையற்கட்டு வேலைக்கு ஏறி, லண்டனில் இறங்கிவிட்டான். ரோஸ்லின் வேலூர்ப் பக்கத்துப் பெண். இங்கே வந்து நர்ஸாக இருந்தபோது பார்த்து, பேசி, கல்யாணமும் செய்துகொண்டு, எனக்குப் போட்டோ அனுப்பினார்கள். மாணிக்கத்தின் அப்பா போன பிறகு என்னை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்து இந்த மாடி வீட்டில் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. குழாயைத் திருகினால் வெந்நீர் வருகிறது, இதைவிட என்ன வேண்டும்? போன குளிர்காலத்தில் நிலக்கரிச் சுரங்கக்காரர்கள் வேலைநிறுத்தம் என்று ஊருக்கே கரண்ட் நின்றுபோனது. இத்தனை பெரிய ஊர் மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு திண்டாடுகிறதே என்று எனக்கு ஒரே ஆச்சரியம். எங்கள் வீட்டில் அன்று எதிலும் இடித்துக்கொள்ளாமல் நடந்தவள் நான் ஒருத்திதான். தாமலில் என் வீட்டுக்குக் கரண்ட் வந்ததே இல்லையே! ஒரே தொந்தரவு, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு மாணிக்கம் என்னைக் கட்டாயம் ரயில் பார்க்கக் கூட்டிக்கொண்டு போவான். பிளாட்பார பெஞ்சில் உட்கார வைத்து டீ வாங்கித் தருவான். "எங்கம்மாவுக்கு ரயில்னா உசுரு" என்று டிக்கெட் வாங்குகிற ஆளிடம் இங்கிலீஷில் சொல்லி வைத்திருக்கிறான். அந்த மனிதர் என்னைப் பார்த்தால் பச்சைக் கொடியை ஆட்டிக் காட்டுவார். நானும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டுவேன்.

வேலை ஓட்டலில் என்றுதான் மாணிக்கம் கடிதத்தில் எழுதுவான். ஊரில் வாத்தியார் படித்துச் சொல்வார், நானும் இட்லிக் கடை போல ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டேன். இங்கே வந்த பிறகுதான் அது குடிக்கிற இடம், ஆட்டம் பாட்டம் உண்டு என்று தெரிந்தது. பெயர் பேம்பூ லகூன். தரைக்கு அடியில் ஒரு நிலவறையில் ஆரம்பித்ததாம். பிறகு கடலோர ஊர் ஒன்றில், பிறகு ஒரு பெரிய கப்பலில் என்று பெருகிவிட்டது. இப்போது ஜெர்மனியில் ஹாம்பர்க் என்ற ஊரில் திறக்கிறார்கள். அதோடு, அங்கே கலக்கிக் கொடுக்கிற சரக்கையே பேம்பூ லகூன் என்று பெயர் போட்டு பாட்டிலில் அடைத்து, தேசம் தேசமாக விற்கப் போகிறார்கள். ஹாம்பர்க்குக்கு மேனேஜர் யார் என்றால், நம் மாணிக்கம்! அதைச் சொல்லி, பாட்டிலையும் காட்டி, வேலை செய்கிறவர்களின் குடும்பத்துக்கெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முதலாளி விருந்து வைத்தார். ரயிலிலிருந்து தப்பித்தேன் என்று நானும் கிளம்பினேன். காஞ்சிபுரத்தில் இருந்த வரைக்கும் ஒரு நாளும் கட்டாத காஞ்சிப் பட்டை லண்டனில் கட்டிக்கொண்டு போனேன். மாணிக்கம் எடுத்துக் கொடுத்தது, மாம்பழ நிறம்.

படி இறங்கினால் புழுக்கம். நிஜமான புழுக்கம்! எட்டு மாதத்துக்குப் பிறகு எனக்கு வியர்த்தது. அடுப்பு மாதிரி எதையோ வைத்து வேண்டுமென்றே சூடாக்குகிறார்களாம், நம் ஊர் போல இருக்க வேண்டும் என்று. பிளாஸ்டிக்கில் தென்னை மரம். தொட்டுப் பார்த்தேன், ஒரு காய்ந்த மட்டை இல்லை. சுவரெல்லாம் மூங்கில். ஒரு கண்ணாடிக்குப் பின்னால் சோ என்று மழை கொட்டியது. வெளியே நிஜ மழையில் நனைந்து வந்தவர்கள், கோட்டை உதறிக் கழற்றிவிட்டு, உள்ளே அந்தப் பொய் மழையை நின்று வேடிக்கை பார்த்தார்கள். இதற்கே எனக்குத் தலை சுற்றிவிட்டது. அப்புறம் பார்த்தால் பாட்டில்கள்! ஊரில் மதுவிலக்கு இருந்த காலத்தில், போலீசுக்குப் பயந்து வைக்கோல்போருக்குள் ஒளிப்பதுதான் எனக்குத் தெரியும். இங்கே வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பின்னால் விளக்கு எரியவிட்டிருந்தார்கள். எனக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கை வந்துவிட்டது. "அத்தே, சும்மா இருங்க" என்று ரோஸ்லின் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முதலாளி ஹாரிஸ், செக்கச் சிவந்த முகம், செம்பருத்திப் பூப் போட்ட சட்டை. "மம்மா! மம்மா!" என்று என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. எல்லாரையும் சுற்றி நிற்கச் சொன்னார். போட்டோக்காரர் ஒருவர் தயாராக நின்றார். மாணிக்கம் வெள்ளைக் கோட்டோடு வந்து, இரண்டு கையாலும் எதையோ ஏந்தி என்னிடம் நீட்டினான்.

"அம்மா, இது என் ஐடியாம்மா. மொதல்ல கண்ணாடி கிளாஸ்லதான் குடுத்துக்கினு இருந்தாங்க, கூட்டமே வர்ல. கிச்சன்ல தேங்கா துருவிட்டு ஓட்டத் தூக்கிப் போடறோமேன்னு, கண்ணாடிச் சில்லால வழிச்சி, எண்ணெ தடவி, அதுல ஊத்திக் குடுத்தேன். அவ்ளோதான், ஜனம் அள்ளுது! பாட்டில் மேல பாரு, அதான் படம். பயப்படாத, உனக்கு வெறும் அன்னாசிச் சாறுதான். மொத வாய் நீதான் குடிக்கணும்."

கொட்டாங்கச்சி. கறுப்பாக, மினுமினுவென்று, என் கைக்கு வந்துவிட்டது.

பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைகள் இருக்கிற தெருவின் திருப்பத்தில் நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு டீக்கடை இருந்தது. நெல் வண்டியோடு என் அப்பா டவுனுக்கு வருவார், நான் வண்டிக்குப் பின்னால் நடந்து வருவேன். பெஞ்சில் உட்காருகிறவர்களுக்குக் கிளாஸ். எங்களுக்குக் கொட்டாங்கச்சி. கடைக்கு வெளியே, சாக்கடை ஓரமாகக் குந்தி, அதை இரண்டு கையாலும் ஏந்த வேண்டும். கடைக்காரர் நின்றபடி ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றுவார். தன் பாத்திரம் எங்கள் மேல் பட்டுவிடக் கூடாதே! கொதிக்கக் கொதிக்க விழும். சிதறினால் நம் கைதான். என் அப்பா ஆறடி ஆள், நெல் மூட்டையைத் தனியாகத் தூக்கி வண்டியில் போடுவார். அங்கே குந்துகிறபோது மட்டும் எப்படி அவ்வளவு சின்ன ஆளாகிவிடுவார் என்று எனக்கு விளங்கியதே இல்லை. நானும் பக்கத்தில் குந்துவேன். பிறகு கல்யாணமாகி, மாணிக்கம் பிறக்கிற வரைக்கும் குந்தினேன்.

மாணிக்கம் அதைப் பார்க்கக் கூடாது என்று மட்டும் வைராக்கியமாக இருந்தேன். அவனை ஹாஸ்டலில் சேர்க்க டவுனுக்குக் கூட்டிவந்த அன்று, டீ வேண்டும் என்று அழுதான். அந்தக் கடையைத் தாண்டி, கொளுத்துகிற வெயிலில், ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் அவனை நடத்திக்கொண்டு போனேன். ஸ்டேஷன் ஸ்டாலில் எல்லாருக்கும் ஒரே மாதிரி கிளாஸ். ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்டான். "ரயில் பாக்கலாண்டா, எனக்கு ரயில்னா ரொம்ப ஆசை" என்றேன். அதன் பிறகு அவனோடு டவுனுக்கு வந்த ஒவ்வொரு தடவையும் ரயில் பார்த்தேன். நம்மை ஒதுக்குகிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும். அது தெரியாமல் யார் வளர முடியும்? கொட்டாங்கச்சி மட்டும் தெரியாது.

பேம்பூ லகூனில் நான் எப்போது குந்தினேன் என்று எனக்கே தெரியாது. அது கையில் பட்டதும் முழங்கால் தானாக மடங்கிவிட்டது. பட்டுப்புடவை தரையில் புரள, கதவோரம் ஒதுங்கிக் குந்தி, தலையைக் குனிந்து, கொட்டாங்கச்சியை இரண்டு கையாலும் மேலே ஏந்திக்கொண்டிருந்தேன். உள்ளே சாறு இருந்தது. இருந்தும் யாரோ ஊற்றுவார்கள் என்று காத்திருந்தேன்.

ஹாரிஸ் படபடவென்று கை தட்டினார். "வொண்டர்ஃபுல், மம்மா!" என்று சொல்லிக்கொண்டே, தொந்தியைப் பிடித்துக்கொண்டு, என் எதிரில் தரையில் குந்தினார். அவர் மனைவி நீள கவுனைச் சுருட்டிக்கொண்டு குந்தினாள். பரிமாறுகிற பெண்கள், மேளம் அடிக்கிறவர்கள், அவர்கள் வீட்டுக் கிழவர்கள், எல்லாரும் விழுந்தடித்துக் குந்தி, ஆளுக்கொரு கொட்டாங்கச்சியை என்னைப் போலவே தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்கள். ஒரே சிரிப்பு. போட்டோக்காரர் பளிச் பளிச்சென்று எடுத்தார். மாணிக்கமும் சிரித்துக்கொண்டே குந்தினான். ரோஸ்லின் மட்டும் குந்தவில்லை. சுவரோடு சாய்ந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலூர்ப் பக்கத்திலும் அப்படி டீக்கடை உண்டு, அவளுக்குத் தெரியும்.

பஸ்ஸில் மாணிக்கத்தைப் பிடிக்க முடியவில்லை. "அம்மா, பாஸ் இன்னா சொன்னாரு தெரியுமா? ஹாம்பர்க்ல மொத ரவுண்டு எல்லாரும் இப்டியே குந்திதான் குடிக்கணுமாம். பாய் போட்டு! அப்புறம் எல்லா ஊர்லயும். உன் பேரத்தான் வெக்கறாரு, மம்மா ஸ்டைல்னு. இது நம்மூர்ல கோயில் பழக்கமாம்மா? நான் பாத்ததே இல்லியே!"

"வூட்டுக்குப் போயி பேசலாங்க" என்றாள் ரோஸ்லின்.

கோயில் பழக்கம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், முடிந்துவிடும். பதினான்கு வருஷமாகப் பாத்திரம் கழுவி, காய் நறுக்கி, அவன் தானாகக் கண்டுபிடித்தது இந்த ஒன்றுதான். அதை வைத்துத்தான் மேனேஜர். அதை நான் எப்படி உடைப்பேன்? சொல்லாவிட்டால், என் அப்பா சாக்கடை ஓரத்தில் குந்தினதை ஊர் ஊராகப் பாய் போட்டுக் காட்டுவார்கள், என் பிள்ளையே முன்னால் நின்று காட்டுவான். ஏறின இடத்திலிருந்து இறங்கின இடம் வரைக்கும் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து, சமையலறையில் ரோஸ்லின் டீ போட்டபோது சொன்னேன். "கோயில் பழக்கம் இல்லடா. டீக்கடைப் பழக்கம்." எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் கேட்டது இதுதான்: "அப்ப ரயிலு?"

"எனக்கு ரயிலே புடிக்காதுடா. இன்னா சத்தம்!"

அவனுக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றுவிட்டது.

ஹாம்பர்க்கில் யாரும் குந்தவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், நீங்கள் கவலைப்பட வேண்டாம். மறுநாளே ஹாரிஸிடம் போய் அது வேண்டாம் என்று சொல்லிவிட்டான். "உன் அம்மாதானே ஆரம்பித்து வைத்தார்?" என்று அவர் கேட்டாராம். இவன் உண்மையைச் சொல்ல ஆரம்பித்து, இங்கிலீஷில் பாதி தூரம் போய், அதற்கு மேல் முடியாமல், "அது துக்கத்தில் செய்வது" என்று முடித்துக்கொண்டானாம். அவர் பதறிப்போய், கறுப்பு ரிப்பன் கட்டின பூங்கொத்து ஒன்றை எனக்கு அனுப்பினார். யாருக்காக என்று இந்தத் தெருவே விசாரித்தது! மாணிக்கம் மேனேஜராகத்தான் போனான், நான்தான் போகச் சொன்னேன். பாட்டில் மேலே கொட்டாங்கச்சிப் படம் அப்படியே இருக்கிறது. எங்கள் தெருமுனைக் கடையிலும் வைத்திருக்கிறார்கள். எழுத்து தெரியாத எனக்கு அந்தப் படம் நன்றாகத் தெரிகிறது.

ஆனால் விருந்து நடந்த அன்று சாயங்காலம் ரயில் பேச்சோடு முடியவில்லை. மாணிக்கம் கோட்டுப் பையிலிருந்து ஒரு கொட்டாங்கச்சியை எடுத்தான். எனக்குக் கொடுக்க என்று தனியாகப் பளபளப்பாக்கி எடுத்துவந்தது. போட்ட கோட்டோடு சமையலறைத் தரையில் குந்தி, அதை இரண்டு கையாலும் ஏந்தினான்.

"ஊத்துமா."

"இன்னாடா இது, எழுந்திரு!"

"அந்த ஆளு எப்டி ஊத்துனானோ அப்டி ஊத்து."

"கை சுடும்டா."

"தாத்தாவுக்கு சுடல?"

"சுட்டுது."

டீக் கெட்டிலை எடுத்தேன். குனிந்து, பக்கத்தில் வைத்து ஊற்றப் போனேன். "மேலருந்துமா" என்றான். நிமிர்ந்தேன். ஊற்றுகிறவர் நிற்கிற அந்த இடத்தில் நான் வாழ்க்கையில் ஒரு நாளும் நின்றதில்லை. அங்கே நின்று பார்த்தால், கீழே இருக்கிறவன் முகம் தெரியவில்லை, உச்சந்தலைதான் தெரிகிறது. என் பிள்ளைக்கு உச்சியில் நரைத்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன். ஊற்றினேன். மணிக்கட்டில் சிதறியது. அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஒரு சொட்டு விடாமல் குடித்தான். எழுந்து, குழாயடியில் தானே கழுவினான்.

"குடிச்சிட்டு தாத்தா இத எங்கமா வெப்பாரு?"

"கடைக்கு வெளியதாண்டா. கூரை எறவாணத்துல செருகிட்டு வரணும். உள்ள வெக்க வுட மாட்டாங்க."

அவன் மேலே பார்த்தான். வெள்ளையடித்த மச்சு. அலமாரியைத் திறந்தான், கண்ணாடி டம்ளர்களின் பக்கத்தில் கொண்டுபோனான், வைக்கவில்லை. குப்பைத் தொட்டியின் மூடியைத் தூக்கி மறுபடியும் மூடினான். சன்னலைத் திறந்து வெளியே கையால் துழாவினான். சில்லென்று செங்கல் சுவர்தான் இருந்தது. ஹாம்பர்க் மேனேஜர் மாணிக்கம், சொட்டுகிற கொட்டாங்கச்சியைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் லண்டன் சமையலறையின் நடுவில் நின்றான். எனக்கும் தெரியவில்லை.